பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தொழிற் கொத்தணிகள்

தொழிற் கொத்தணி என்பது ஒரே வகையான, அல்லது ஒன்றையொன்று சார்ந்த தொழிற்சாலைகள் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் நெருங்கி அமைவதாகும். ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்சல் 1890 இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். திறன்பெற்ற தொழிலாளர், மூலப்பொருள் தருவோர், பழுது பார்ப்போர் ஆகியோர் ஓரிடத்தில் கிடைப்பதால் அங்கு மேலும் ஆலைகள் வந்து சேர்கின்றன என்பது அவரது கருத்து. தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் உள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்றவை. இங்கு கல்லால் அமைந்த கொத்தணியும் உண்டு, காகிதத்தோடு நின்றுபோன கொத்தணியும் உண்டு, அரசு முயன்று வரவழைக்கும் கொத்தணியும் உண்டு.

பின்னணி

இரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் மாவட்டம் 1995 இல் உருவானது. அதிலிருந்து அரியலூர் 2001 இல் பிரிக்கப்பட்டு, 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி அரியலூரில் 7,54,894 பேரும் பெரம்பலூரில் 5,65,223 பேரும் வாழ்ந்தனர். பெரம்பலூரே அப்போது மாநிலத்தில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம். மானாவாரி நிலம் மிகுந்த பகுதி இது. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவை பெரம்பலூரின் முக்கியப் பயிர்கள்.

பிரிவினையின் பொருளாதார விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதியும் சென்னை-திருச்சி குறுக்கு வழி இருப்புப்பாதையும் அரியலூர் பக்கம் சென்றன. பெரம்பலூருக்கு நெடுஞ்சாலை கிடைத்தது. அந்நகருக்கு இன்றும் தொடர்வண்டி இல்லை.

சிமெண்டு

கிரீத்தேசியக் காலத்தில் இப்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடலின் படிவுகளே இன்றைய சுண்ணாம்புக்கல். அரசின் தமிழ்நாடு சிமெண்டுக் கழகம் 1979 இல் அரியலூரில் ஆலை தொடங்கியது. பின்னர் ரெட்டிப்பாளையம், ஆலத்தியூர், கோவிந்தபுரம், தளவாய், தாமரைக்குளம், கீழப்பழுவூர் ஆகிய ஊர்களில் தனியார் ஆலைகள் எழுந்தன. சிமெண்டு தயாரிப்பில் கல்லின் எடை மிகுதி; அதைத் தொலைவுக்குக் கொண்டு செல்வது கட்டுப்படியாகாது. எனவே கல் இருக்கும் இடத்துக்கே ஆலை வருகிறது. இவ்வகைக் கொத்தணிக்கு அரசு சலுகை பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

ஆனால் இது மார்சல் கூறிய வகையைச் சார்ந்ததும் அன்று. தானியங்கி முறையில் இயங்கும் சிமெண்டு ஆலைக்கு ஆட்கள் குறைவாகவே தேவை. சுற்றியுள்ள ஊர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை ஒப்பந்தக் கூலி வேலை, சுமையுந்து ஓட்டும் வேலை ஆகியவை. புழுதி, சுரங்கப் பள்ளங்களை ஒட்டிய கிணறுகளின் நீர்மட்டம், கல் ஏற்றிய சுமையுந்துகளால் நேரும் சாலை விபத்துகள் ஆகியன நெடுநாள் முறைப்பாடுகள். பயனும் சேதமும் ஒரே ஊரில் விழுவதில்லை என்பதே இதன் சிக்கல்.

இதனைச் சரிசெய்ய 2015 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டன. பழைய குத்தகைதாரர்கள் உரிமத்தொகையில் 30 விழுக்காடும், ஏலத்தில் குத்தகை பெற்றோர் 10 விழுக்காடும் இதற்குச் செலுத்த வேண்டும். கனிம நிலத்துக்கு மாநிலங்கள் வரி விதிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2024 சூலையில் தீர்ப்பளித்தது. அதன் பின் தமிழ்நாடு, 2025 ஏப்ரல் முதல் ஒரு டன் சுண்ணாம்புக்கல்லுக்கு 160 ரூபாய் வரி விதித்தது. இவ்வரி மாநிலக் கருவூலத்துக்குச் செல்வது. அறக்கட்டளைப் பணம் போல மாவட்டத்துக்கென ஒதுக்கப்பட்டதன்று. உடைமையும் ஒருமுகப்பட்டு வருகிறது: தளவாய் ஆலையை நடத்தும் இந்தியா சிமெண்ட்சு நிறுவனம் 2024 திசம்பரில், ரெட்டிப்பாளையம் ஆலையை உடைய அல்ட்ராடெக் வசமானது.

நிலம் போன திட்டங்கள்

செயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 1990களில் 8,000 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீட்டு வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. மின் நிலையம் வரவில்லை. நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு இறுதியில் முடிவு செய்தது. இடைப்பட்ட காலத்தில் அந்நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாமல் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

பெரம்பலூரில், 2005 ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தை அடுத்து, திருமாந்துறை வட்டாரத்தில் சுமார் 3,000 ஏக்கரில் பல்பொருள் மண்டலம் அமைக்கும் திட்டம் வந்தது. நிலம் வாங்கப்பட்டது, ஆலைகள் எழவில்லை. தொழில் தொடங்குங்கள், இல்லையேல் நிலத்தைத் தாருங்கள் என விற்ற உழவர்கள் கோரினர். கல் போன்ற இயற்கைக் காரணமோ, முன்பே இருந்த தொழில்திறனோ இல்லாத இடத்தில் வரிச்சலுகை மட்டுமே கொத்தணியை உருவாக்கிவிடும் என்ற கணிப்பு இங்கு பொய்த்தது.

காலணியும் கொரியப் பாடமும்

தமிழ்நாடு 2022 இல் காலணி, தோல் பொருட்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் எறையூர் சிப்காட் வளாகத்தில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 இல் உற்பத்தி ஆலை திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் செயங்கொண்டத்தில் தைவான் நிறுவனம் ஒன்றின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 1,000 கோடி ரூபாய், வேலை 15,000 பேருக்கு என அறிவிக்கப்பட்டது. தோலில்லாக் காலணித் தொழிலில் தைப்பவர்களும் ஒட்டுபவர்களும் பெரும்பாலும் இளம் பெண்கள். விவசாயக் கூலியைத் தவிர வேறு மாதச் சம்பளம் அறியாத ஊர்களில் இது சிமெண்டை விடப் பெரிய சமூக மாற்றமாக அமையக்கூடும்.

கொத்தணிகளை அரசே இடம் குறித்து வளர்த்ததற்குத் தென் கொரியா அறியப்பட்ட எடுத்துக்காட்டு. உல்சான் 1962 இல் தொழில் நகராக அறிவிக்கப்பட்டது. மாசானில் 1970 இல் ஏற்றுமதி வலயம் அமைந்தது. சாங்வொன் 1970களில் இயந்திரத் தொழிலுக்கென எழுந்தது. பூசான் நகரம் காலணிக்குப் பெயர் பெற்றது. 1980களின் இறுதியில் கொரியக் கூலி உயர்ந்ததும் காலணி நிறுவனங்கள் இந்தோனேசியா, வியட்நாம் நாடுகளுக்குப் பெயர்ந்தன. பூசானில் வேலை இழந்தோரில் பெண்களே மிகுதி. கப்பல் தளமும் உருக்காலையும் அவ்வாறு எளிதில் இடம்பெயரவில்லை.

கொரியாவின் மற்றொரு அனுபவமும் நோக்கத்தக்கது. முயன்று பல நகரங்களை வளர்த்தும், மக்களில் பாதிப்பேர் சியோல் தலைநகர்ப் பகுதியிலேயே குவிந்தனர். அமைச்சகங்களை 2012 முதல் செசோங் நகருக்கு மாற்றியும், பத்துப் புத்தாக்க நகரங்களுக்கு அரசு நிறுவனங்களை அனுப்பியும் அக்குவிப்பு தளரவில்லை. தமிழ்நாட்டில் சியோலின் இடத்தில் இருப்பது சென்னை, காஞ்சிபுரம் பகுதி. கொரிய மகிழுந்து நிறுவனமான ஹுண்டாயும் 1996 இல் திருப்பெரும்புதூரையே தேர்ந்தது. அதன் உதிரிப்பாக நிறுவனங்களும் அங்கேயே சூழ்ந்தன.

காலணி ஆலை கல்லைப் போல் இடத்தோடு கட்டுண்டதன்று. கூலி மலிவால் வந்தது, வேறிடத்தில் கூலி மலிந்தால் செல்லும். அது தங்குமா என்பது அடியட்டை, ஒட்டுப்பசை, அச்சு, துணி ஆகியவற்றைத் தரும் சிறு ஆலைகள் எறையூரையும் செயங்கொண்டத்தையும் சுற்றி வளர்கின்றனவா என்பதைப் பொறுத்தது. இப்போதைக்கு இவற்றில் பலவும் வெளியிலிருந்தே வர வேண்டியுள்ளன. பெரம்பலூருக்கு அவை சாலை வழியாகவே வருகின்றன.