ஒவ்வொரு கோடையிலும் ஏன் கேஸ் தீர்கிறது?

பிப்ரவரி பிற்பகுதி வந்துவிட்டால் ஒசூரிலும், அதை அடுத்த பெங்களூருவின் தென்கிழக்குப் புறநகர்களிலும் ஏசி மெக்கானிக்குகளின் கைப்பேசி ஓய்வதில்லை. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த இயந்திரத்தை அப்போதுதான் போட்டுப் பார்க்கிறார்கள். காற்று வருகிறது, குளிர் வரவில்லை. மெக்கானிக் வருகிறார், கேஜை மாட்டுகிறார், "கேஸ் சுத்தமா இல்ல சார், ஃபுல்லா போடணும்" என்கிறார். மூவாயிரம் ரூபாய்க்கு முன்னேபின்னே கைமாறுகிறது. அந்தக் கோடை கழிகிறது. அடுத்த மார்ச்சில் அதே வீட்டில் அதே பேச்சு.

ஏசிக்குள் இருக்கும் கேஸ் பயன்படுத்தப் பயன்படுத்தச் செலவாகிற பொருள் இல்லை. அறைக்குள் இருக்கும் காயிலில் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும் காயிலில் மீண்டும் திரவமாகி அதை விட்டுவிடுகிறது. முற்றிலும் மூடப்பட்ட செம்புக் குழாய்ச் சுற்றுக்குள் அதே கேஸ் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடலாம். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போவதைப் பழுதுபார்த்தல் என்று சொல்லக் கூடாது. ஆனால், இந்த மேட்டுநில ஊர்களில் அதுவே ஆண்டு வழக்கமாகிவிட்டது. மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அவர் அப்படிச் செய்யும்படி எல்லாவற்றையும் அமைத்து வைத்திருப்பவர்கள் நாம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிலம் இது. பெங்களூருவின் பழைய வீடுகள் பலவற்றில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இருக்காது. அதற்கு அவசியம் இருந்ததில்லை. 2016 ஏப்ரலில் அந்நகரில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2024 ஏப்ரலில் மீண்டும் 38 டிகிரியைத் தாண்டியது. இதற்கிடையே எலெக்ட்ரானிக் சிட்டி, சர்ஜாபுரா சாலை, சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஒசூர் என்று அடுக்குமாடிகள் வரிசையாக எழுந்தன. மேல்மாடியில் வெயிலை நேராக வாங்கும் கான்கிரீட் தளம், மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல், குறுக்குக் காற்றோட்டம் இல்லாத அறை. ஏசி இல்லாமல் அந்த வீடுகளில் ஏப்ரல் மாதப் பிற்பகலைக் கழிப்பது முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உண்மையிலேயே கடினம். ஆகவே, ஏசி வாங்கியவர்களை ஆடம்பரக்காரர்கள் என்று கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சென்னையில் ஏசி பெரும்பாலான மாதங்கள் ஓடுகிறது. கேஸ் கசிந்தால் சில நாட்களில் தெரிந்துவிடும். அப்போதே ஆளைக் கூப்பிடுவார்கள். இங்கே மார்ச்சில் போட்டு, மே மாதம் மாங்காய் மழை இரண்டு முறை அடித்ததும் நிறுத்திவிடுகிறோம். அதன்பின் எட்டு, ஒன்பது மாதங்கள் யாரும் அதன் பக்கம் போவதில்லை. ஊசிமுனையளவு கசிவுக்கு அந்த அவகாசம் தாராளமாகப் போதும். அதே காலத்தில் வெளி யூனிட்டின் பின்னால் புறா கூடு கட்டுகிறது, தண்ணீர் வடியும் குழாயில் குளவி மண் பூசி அடைக்கிறது, பல்லி உள்ளே புகுந்து சர்க்யூட் போர்டைக் கருக்கிவிட்டுத் தானும் சாகிறது. ஓடி ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே இங்கே அதிகம். மிதமான தட்பவெப்பம் உள்ள ஊரில் ஏசி நெடுநாள் உழைக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை.

உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 900 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. வெளி யூனிட்டின் விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும், அது தள்ளும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறைகிறது. வெப்பத்தை அள்ளிச் செல்லும் திறனும் சற்றுக் குறைகிறது. அட்டையில் ஒன்றரை டன் என்று போட்டிருப்பது இந்த உயரத்தில் முழுதாகக் கிடைப்பதில்லை. டென்வர் போல 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரங்களில் இதைக் கணக்கில் எடுத்தே இயந்திரத்தைத் தேர்வு செய்ய வேண்டும். நமக்கு இழப்பு சிறியது. வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் அதை ஈடுசெய்கின்றன. ஆனால், வெளி யூனிட்டின் காயிலில் தூசி அடைந்திருந்தால், ஏற்கெனவே குறைந்திருக்கும் காற்றோட்டம் இன்னும் குறைகிறது. கட்டுமானப் புழுதி பறக்கும் இந்தப் புறநகர்களில் குளிர் குறைந்தால் முதலில் செய்ய வேண்டியது தண்ணீர் அடித்து அந்தக் காயிலைக் கழுவுவது. பல வீடுகளில் அதைச் செய்வதற்கு முன்பே கேஸ் ஏறிவிடுகிறது.

தவறு பெரும்பாலும் கேஜிலிருந்து தொடங்குகிறது. 'ஆர்-22 கேஸ் என்றால் அழுத்தம் 60, 65. ஆர்-32 என்றால் 120, 130' என்ற கணக்கை மெக்கானிக்குகள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் அந்த எண்ணுக்கு வரும்வரை கேஸை விடுவார்கள். சென்னையின் 35 டிகிரி வெயிலில், ஒரே வேகத்தில் ஓடும் பழைய கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். ஒசூரில் மார்ச் மாதக் காலை ஒன்பது மணிக்கு வெளியே 24 டிகிரிதான் இருக்கும். கேஸ் சரியான அளவில் இருந்தாலும் அப்போது அழுத்தம் குறைவாகவே காட்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகமே தேவைக்கேற்ப மாறுவதால், முள் நிற்கும் இடத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முள் 120-ஐத் தொடவில்லை என்று கூடுதலாகக் கேஸை ஏற்றிவிட்டால், ஏப்ரல் பிற்பகலில் வெளியே 37 டிகிரி ஆகும்போது கம்ப்ரசர் சூடேறித் திணறி நின்றுவிடும். "போன மாசம்தானே கேஸ் போட்டோம்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். உண்மையில் அந்தக் கேஸ்தான் கோளாறு. சரியான முறை எடை போடுவது. இயந்திரத்தின் விவரத் தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். மீதிக் கேஸை உறிஞ்சி எடுத்து, குழாய்களை வேக்குவம் செய்து, சிலிண்டரைத் தராசில் வைத்து அத்தனை கிராமை மட்டும் விட வேண்டும். தராசோடு வரும் மெக்கானிக்கை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

சரி, ஓட்டை எங்கே இருக்கும்? பெரும்பாலும் நாமே உண்டாக்கிய இடத்தில். செம்புக் குழாயின் வாயை விரித்து நட்டு போட்டு முடுக்கும் இணைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விரிப்பு கோணலாக இருந்தாலோ, முடுக்கம் கூடக்குறைய இருந்தாலோ அங்கேதான் கசியும். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுபோல, நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். நட்டைக் கழற்றி, குழாய் வாயைப் புதிதாக வெட்டி விரித்து மாட்டினால் முடிந்தது. மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

காயிலிலேயே ஓட்டை என்றால் கதை வேறு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைச் சுற்றியிருக்கும் குடியிருப்புகளில் ஏசி காயில் அடிக்கடி அரித்துப்போகிறது என்ற புகார் பல ஆண்டுகளாக உண்டு. கழிவுநீர் தேங்கி அழுகும் நீர்நிலையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். 2017-லும் 2018-லும் தீப்பற்றி எரிந்த ஏரி பெல்லந்தூர். நுரை பறந்தபோது நாடே பார்த்தது. அதன் கரையில் செம்புக் குழாய்கள் மெல்லக் கறுப்பதை அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே பார்க்கிறார்கள். சுத்திகரிக்காத சாக்கடையை ஏரியில் விட்டதன் செலவு, ஏசி பில்லாக வீட்டுக்கு வருகிறது. திறந்த சாக்கடையை ஒட்டியிருக்கும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும், ஒசூரும் விலக்கில்லை.

ஒன்றரை மணி நேர வேலையை மெக்கானிக் ஏன் செய்வதில்லை? அவர் நிற்கும் இடத்தைப் பார்த்தால் விளங்கும். நான்காம் மாடி. குளியலறை ஜன்னலுக்கு வெளியே, குழாய்கள் இறங்கும் குறுகிய சந்து. சுவரில் அடித்த இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் வெளி யூனிட். அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே மற்றொன்று. கீழ் யூனிட் கக்கும் சூடு மேல் யூனிட்டுக்குள் போகிறது. ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே எடுத்து, ஒரு சாண் அகல சிமென்ட் விளிம்பில் ஊன்றி, இடக்கையால் கழிவுநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் ஸ்பேனருடன் நிற்கிறார் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன். இடுப்பில் பெல்ட் இல்லை. இருந்தாலும் கொக்கியை மாட்டச் சுவரில் வளையம் இல்லை. "பார்த்துப்பா" என்று உள்ளிருந்து ஒரு குரல். அந்த நிலையில் நைட்ரஜன் சிலிண்டரையும் வேக்குவம் பம்பையும் எங்கே வைப்பது? சோப்பு நுரையை எந்தக் கையால் தடவுவது? கேஸ் ஹோஸை மாட்டிவிட்டு உயிரோடு உள்ளே வந்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவரது கூலியும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. சீசனில் நாளுக்கு ஆறு, ஏழு வீடுகள். வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. கசிவைத் தேடிய நேரத்துக்குத் தனிக்கூலி கிடையாது. கேஸ் போட்டால் பணம் தருகிறோம். "லீக் செக் பண்ண எழுநூறு ரூபாய் ஆகும்" என்று சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுகிறோம். ஐடிஐ-யில் இரண்டாண்டு படித்து முறையாக வேலை கற்றவரும், ஆறு மாதம் உதவியாளாகச் சுற்றியவரும் ஒரே விலைக்குப் போட்டியிட வேண்டும் என்றால் எந்த வேலை நிலைக்கும் என்பது சொல்லாமலே புரியும்.

இப்போது ஆபத்தும் கூடியிருக்கிறது. புதிய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது. பழைய ஆர்-22 அப்படியல்ல. அதில் பழகிய கைகள், குழாயில் மிச்சக் கேஸ் இருக்கும்போதே பற்றவைப்பு டார்ச்சை எடுக்கின்றன. கசிவுள்ள குழாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்த நிலையில் கம்ப்ரசரை ஓட்டிக் கேஸை ஒரு பக்கம் சேர்க்க முயன்றால், காற்றும் எண்ணெயும் சேர்ந்து அழுத்தப்பட்டுக் கம்ப்ரசரே வெடிக்கலாம். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜனை ஏற்றிச் சோதிப்பது தற்கொலைக்குச் சமம். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் கம்ப்ரசர் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கலாம். இவை பயிற்சியில் முதல் வாரமே சொல்லித்தர வேண்டியவை.

வானத்துக்குப் போகும் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு கிலோ ஆர்-32 காற்றில் கலந்தால், 675 கிலோ கரியமில வாயு உண்டாக்கும் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கும். சற்றுப் பழைய ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ என்றால் 2,000 கிலோவுக்கும் மேல். வீட்டு ஏசி ஒன்றில் முக்கால் கிலோ அளவுக்குக் கேஸ் இருக்கும் என்று வைத்தால், ஆண்டுக்கு ஒருமுறை அதை வெளியே விட்டுவிட்டு நிரப்பும் வீடு என்ன செய்கிறது என்பது தெரியும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று ஐந்து நட்சத்திர ஏசி வாங்குகிறோம். கேஸ் குறைந்த ஏசி, அதே குளிருக்குக் கூடுதல் நேரம் ஓடி அந்த மிச்சத்தையும் தின்றுவிடுகிறது.

இந்தியா இதில் வாக்குக் கொடுக்காத நாடு இல்லை. இத்தகைய கேஸ்களைக் குறைப்பதற்கான பன்னாட்டு உடன்பாடான கிகாலி திருத்தத்தை 2021-ல் ஏற்றுக்கொண்டது. ஆர்-32 உள்ளிட்ட இந்த வகைக் கேஸ்களின் பயன்பாட்டை 2028-லிருந்து உச்சவரம்புக்குள் நிறுத்தி, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். 2019-ல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23-க்குள் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றும் தரப்போவதாகச் சொன்னது. நல்ல திட்டம். ஆனால், சான்று பெற்றவரைத்தான் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் வீட்டுக்காரரிடம் வராதவரை, அந்தச் சான்றால் மெக்கானிக்குக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

ஆகவே பில்லிலிருந்து தொடங்கலாம் என்பது என் வாதம். 'கேஸ் சார்ஜிங்' என்று ஒரே வரியில் எழுதித் தருவதை ஏற்கக் கூடாது. கசிவு எங்கே இருந்தது, எப்படி மூடப்பட்டது, எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்ற நான்கு விவரங்களும் பில்லில் இருக்க வேண்டும். கசிவு தேடுவதற்கான கூலி தனி வரியாக இருக்கட்டும். அதைப் பேரம் பேசாமல் கொடுப்போம். அப்படி எழுதித் தந்த வேலைக்கு ஓராண்டுக்குள் மீண்டும் கேஸ் குறைந்தால், இலவசமாக வந்து பார்க்கும் பொறுப்பும் அவருக்கு இருக்கும். செயலி வழியாக ஆள் அனுப்பும் நிறுவனங்கள் இதை நாளைக்கே கட்டாயமாக்க முடியும். எத்தனை வீடு முடித்தார் என்று எண்ணுவதற்குப் பதில், எத்தனை வீட்டில் கேஸ் நின்றது என்று எண்ணட்டும். அவர்கள் மூலம் மாடி ஏறுகிறவருக்கு விபத்துக் காப்பீடும் பெல்ட்டும் அவர்கள் பொறுப்பு.

குடியிருப்போர் சங்கங்கள் மார்ச் நெரிசலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் மெக்கானிக்குகளுக்கு வேலை குறைவு. ஒரு கட்டடத்தின் ஏசிகள் அனைத்தையும் அப்போது மொத்தமாக ஒப்படைத்தால், நைட்ரஜனும் தராசும் ஒருமுறை மாடி ஏறினால் போதும். அவருக்கும் வேலை இல்லாத மாதத்தில் வருமானம். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டிப் பார்க்கிற வீட்டில் கசிவும் பல்லியும் புறாவும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மாற்றுவதற்குக் கடினமானது கட்டடம். 2019-ல் மாநகராட்சியான ஒசூரில் இன்னும் பல ஆண்டுகளுக்கு அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கும். வரைபட அனுமதி கேட்டு வரும்போதே, வெளி யூனிட்டை எங்கே வைப்பீர்கள், அதைப் பழுதுபார்க்க ஒரு மனிதர் எங்கே நிற்பார் என்று மாநகராட்சி கேட்க வேண்டும். இரண்டரை அடி அகலத்தில் கைப்பிடியோடு ஒரு மேடை, பெல்ட்டை மாட்டச் சுவரில் ஓர் இரும்பு வளையம், சூடு வெளியேறத் திறந்த பக்கம்: கட்டும்போது செய்தால் மொத்தச் செலவில் இது தெரியவே தெரியாது. கட்டி முடித்துக் குடிவந்த பிறகு அந்த மேடையைச் சேர்ப்பது மிகக் கடினம்.