நல்லெண்ணெயும் நாணமும்

கேமரன் மலையின் வடகோடியில், பேராக் மாநிலத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலை பகாங் எல்லைக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் ஊர் கம்போங் ராஜா. ஒருபால் புளூ வேலித் தேயிலைத் தோட்டம். மறுபால் காய்கறிப் பாத்திகளை மூடிய நெகிழிக் கூடாரங்கள். கேமரன் மலையின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை. தேங்காய் எண்ணெயோ 24 பாகைக்குக் கீழே இறங்கினால் உறையத் தொடங்கும். ஆதலால் அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களில் எண்ணெய்ப் போத்தல் விடியற்காலையில் வெள்ளைக் கட்டியாய் நிற்கும். அதனை அடுப்போரத்தில் வைத்து இளக்கி, பேத்தியின் தலையில் தேய்த்து, இரட்டைப் பின்னல் பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது லயத்து வீட்டுப் பாட்டிமாரின் அன்றாடக் கடமையாய் இருந்தது.

அந்தப் பேத்தி வளர்ந்துவிட்டாள். அவள் கையில் இன்று வேறொரு போத்தல் இருக்கிறது. விரல் நீளமே உள்ள அக்கண்ணாடிக் குப்பியில் ஆர்கன் எண்ணெய் என்று எழுதியிருக்கிறது. முந்தைய இரவு எண்ணெய் தேய்த்து ஊறவிடுக, காலையில் மென்மையாய் அலசுக, கற்றாழைச் சாற்றைச் சேர்த்துக்கொள்க என்று கைப்பேசி கற்பிக்கிறது. 'வீட்டிலேயே செய்யும் இயற்கைக் கூந்தல் பராமரிப்பு' என்பது அதற்கு இட்ட பெயர். புதியதொன்றைக் கண்டுபிடித்தவள்போல் அவள் மகிழ்கிறாள். அடுத்த அறையில் அமர்ந்திருக்கும் பாட்டி அறுபது ஆண்டுகளாகச் செய்துவந்தது இதுவே என்பதை அவளிடம் சொல்வார் இலர். பாட்டி செய்தபோது அது பட்டிக்காட்டுத்தனம். குப்பியில் வந்தபோது அது நாகரிகம்!

இதனைக் கண்டு ஆர்கன் எண்ணெயைப் பழிப்போர் உளர். அவர்கள் பழி இடம் மாறி விழுகிறது. ஆர்கன் ஏமாற்றுச் சரக்கன்று. ஓர் எளிய மக்கள் கூட்டத்தின் கைப்பொருள். மொராக்கோ நாட்டின் தென்மேற்கில், மழை குன்றிய சூசு நிலப்பகுதியில் வளரும் முள் மரம் அது. அதன் பழங்களைத் தின்ன ஆடுகள் கிளைமேல் ஏறி நிற்கும் காட்சி உலகறிந்தது. பழத்தின் சதையை நீக்கி, கருங்கல்போல் இறுகிய கொட்டையை இரு கற்களுக்கிடையே வைத்து உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை அரைத்து எண்ணெய் எடுப்போர் அமாசிக் இனப் பெண்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு முப்பது கிலோவுக்கும் மேற்பட்ட பழம் வேண்டும். நாள்முழுதும் குனிந்து கொட்டை உடைக்கும் உழைப்பும் வேண்டும். வறுத்த பருப்பின் எண்ணெய் உணவுக்கு. வறுக்காத பருப்பின் எண்ணெய் தோலுக்கும் கூந்தலுக்கும். எஞ்சும் பிண்ணாக்கு கால்நடைக்கு. கொழுந்துக் கூடையைச் சுமந்து முதுகு வளைந்த தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தப் பெண் அயலாள் ஆவாளா?

உறவு உழைப்போடு நிற்கவில்லை. தாவர நூலார் ஆர்கன் மரத்தைச் 'சப்போட்டேசியே' என்னும் குடும்பத்தில் வைத்திருக்கின்றனர். மலேசியச் சந்தைகளில் 'சிக்கு' என்று விற்கப்படும் சப்போட்டாப் பழமும் அக்குடும்பத்தது. மகிழ மரமும் அக்குடும்பத்தது. தமிழகத்து இலுப்பையும் அக்குடும்பத்தது. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்னும் பழமொழியை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அந்த இலுப்பையின் விதையெண்ணெய் கோயில் விளக்கில் எரிந்ததையும், அதன் பிண்ணாக்கை அரைத்துத் தமிழர் தலை முழுகியதையும் அவர்களுக்கு எடுத்துரைப்பவர் எத்தனை பேர்? மொராக்கோப் பெண்ணின் ஆர்கனும் தமிழ்ப் பெண்ணின் இலுப்பையும் ஒரு குடும்பத்து உடன்பிறப்புகள். ஒன்று உலகச் சந்தைக்குச் சென்றது. மற்றொன்று பழமொழிக்குள் ஒடுங்கியது.

எண்ணெயின் உள்ளியல்பைப் பார்த்தாலும் வியப்பே மிஞ்சும். ஆர்கன் எண்ணெயில் ஒலியிக் அமிலம் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு. லினோலியிக் அமிலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நல்லெண்ணெயிலோ இவ்விரண்டும் ஒவ்வொன்றும் நாற்பது பங்கை ஒட்டி நிற்கின்றன. அதாவது, இரண்டு எண்ணெயிலும் நூற்றில் எண்பது பங்கு அதே இரு கொழுப்பமிலங்கள். எளிதில் சிக்கடையாமல் காக்கும் செசாமின், செசாமோலின் என்னும் பொருள்கள் நல்லெண்ணெய்க்கே உரிய கூடுதல் செல்வம். உறையாத எண்ணெய் வேண்டும் என்பதற்காகவே மலைவாழ் பெண் ஆர்கனை நாடுகிறாள் என்றால், கம்போங் ராஜாவின் குளிரிலும் உறையாத நல்லெண்ணெய் மளிகைக் கடையில் அவளுக்காகக் காத்திருக்கிறது. விலையிலோ இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு.

தேங்காய் எண்ணெயும் தாழ்ந்ததன்று. அதில் பாதியளவு லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆதலின் முடித்தண்டின் உள்ளே புகவல்லது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட ரேலே, மொஹிலே என்னும் இந்திய ஆய்வாளர் இருவர், கழுவுதலால் முடியின் புரதம் இழக்கப்படுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே என்று 2003-இல் வெளியிட்டனர். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஆயினும், தலை முழுகுவதற்கு முன் எண்ணெய் வைக்க வேண்டும் என்ற பாட்டியின் முறைக்கு அந்த ஆய்வு பொருள் தருகிறது. நீரில் நனைந்து முடி உப்பிப் பழுதுறுவதை முன்னரே ஊறிய எண்ணெய் தடுக்கிறது.

இங்கே இன்னொரு கூட்டத்தாரையும் கண்டித்தாக வேண்டும். முன்னோர் செய்தது அனைத்தும் அறிவியலே என்று மேடைதோறும் முழங்குவோர் அவர்கள். தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடி உயிரற்ற பொருள். வளர்வது தோலுக்கடியில் உள்ள வேர்ப்பையில். ஆகவே கரிசலாங்கண்ணித் தைலம் வழுக்கையில் முடி முளைப்பிக்கும் என்பதும், ஆர்கன் எண்ணெய் ஒரு திங்களில் கூந்தலை முழ நீளம் வளர்க்கும் என்பதும் ஒரே தட்டில் வைத்து எறியத்தக்க கூற்றுகள். பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊறவிடுவது தீங்கை மிகுவிக்கவும் கூடும். பொடுகுக்குத் துணைபோகும் நுண்பூஞ்சைக்குக் கொழுப்பே உணவு. எண்ணெய் முடியைக் காக்கும், வழவழப்பாக்கும், உடையாமல் தடுக்கும். அதற்குமேல் அதனிடம் கேட்பது பேராசை. பாட்டியைப் போற்றுவதற்குப் பொய் துணை வேண்டுவதில்லை.

குப்பியின் பொய்யோ இன்னும் நுட்பமானது. முகப்பில் 'ஆர்கன்' என்று பொன்னெழுத்தில் பொறித்த போத்தலின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உட்பொருள்கள் அளவின் இறங்கு வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். பலவற்றில் முதலிடத்தில் சைக்ளோபென்டாசிலோக்சேன், அடுத்து டைமெத்திகோன். ஆர்கன் அவற்றின் பின்னே தலைகுனிந்து நிற்கும். முதலிரண்டும் முடிக்கு மினுமினுப்பூட்டும் சிலிகோன் பொருள்கள். அவை நஞ்சல்ல, ஆனால் அவை மொராக்கோ மரத்தில் காய்த்தவையும் அல்ல. 'இயற்கை' என்று நம்பிக் காசு கொடுத்தவள் பெற்றது ஆலைப்பொருள். வரிசையை மேலிருந்து கீழாகப் படிக்கத் தெரிந்திருந்தால் அவள் ஏமாந்திருக்க மாட்டாள். படிக்கக் கற்பிப்பது யார் கடமை?

அங்கேதான் வழக்கு பள்ளியின் வாயிலுக்கு வந்து நிற்கிறது. தோட்டத்துப் பெண் தன் தலையெண்ணெயை எண்ணி நாணத் தொடங்கியது எங்கே? தேயிலைக் காட்டிலா? இல்லை. கொழுந்து பறித்த தாயர் எண்ணெய் வைத்த தலைமேல்தான் துணியைக் கட்டிக்கொண்டு பனியில் இறங்கினர். நாணம் வகுப்பறையிலும் பேருந்து நிறுத்தத்திலும் கற்பிக்கப்பட்டது. 'எண்ணெய் வடியும் முகம்' என்ற ஏளனம் பிற இனத்தார் வாயிலிருந்து மட்டுமா வந்தது? ஏடுகளில் எண்ணெய்க் கறை படிந்ததற்காகக் கடிந்துகொண்டவருள் தமிழாசிரியரும் உண்டு. அளவாய் வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். வைக்காதே என்று சொல்லிவிட்டனர். சிறுமி வீட்டுக்குச் சென்று, "பாட்டி, எண்ணெய் வேணாம். பிள்ளைங்க சிரிக்கிறாங்க" என்றாள். பாட்டி போத்தலை மூடினாள். அந்த மூடியோடு எத்தனை சொற்கள் மூடப்பட்டன என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சீயக்காய், அரப்பு, வெந்தயம், பூந்திக்கொட்டை, செம்பருத்தித் தாளி: இவை வெறும் பொருள்கள் அல்ல, புழக்கத்திலிருந்த தமிழ். 1960-இல் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி பள்ளி வளாகங்களில் பூத்துக் குலுங்குகிறது. அதன் இலையைக் கசக்கினால் வழவழவென்று ஊறும் தாளியைத் தலைக்குத் தேய்த்துக் குளித்த தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. தேசிய மலரைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவனுக்கோ 'தாளி' என்ற சொல் தெரியாது. 'ஷாம்பு' மட்டும் தெரியும். அந்தச் சொல்லும் இந்திய மண்ணிலிருந்து சென்றதே. அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியலகம் நடத்தி அச்சொல்லைப் புகழ்பெறச் செய்தார். கைவிட்டது போத்தலில் அடைபட்டுத் திரும்பி வருவது, ஆர்கனுக்கு முன்பே தொடங்கிய கதை.

இனி, மொராக்கோப் பெண்கள் கற்பிக்கும் பாடத்தைக் கேட்க வேண்டும். 'ஆர்கன்' என்பது ஆங்கிலச் சொல்லன்று, பிரெஞ்சுச் சொல்லுமன்று. சூசு நிலத்து அமாசிக் மக்களின் தாய்மொழிச் சொல். அந்த மக்கள் தங்கள் மரத்துக்கு வேறு பெயர் தேடவில்லை. 1990-களில் பெண்கள் கூட்டுறவுச் சங்கங்களாய்த் திரண்டனர். 1998-இல் ஆர்கன் காடுகளை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 2014-இல் அம்மரத்தைச் சார்ந்த கைத்திறனும் வாழ்வறிவும் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. 2021-இல் ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவை மே 10-ஆம் நாளை ஆர்கன் மரத்துக்கான அனைத்துலக நாளாக அறிவித்தது. உலகம் அவர்கள் சொல்லையே சொல்கிறது. கம்போங் ராஜாவின் தமிழ்ச் சிறுமியும் அதைத் திருத்தமாகச் சொல்கிறாள். ஆனால் 'நல்லெண்ணெய்' என்று தோழியர் நடுவே சொல்ல அவளுக்குக் கூச்சம்! தம் பெயரை விடாதவர் பொருள் உலகேறியது. தம் பொருளுக்கு நாணியவர் பெயரையும் இழந்து நிற்கின்றனர்.

தமிழ் அவளை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை என்பதே ஆறுதல். எள் என்பதும் நெய் என்பதும் புணர்ந்து எண்ணெய் ஆயிற்று என்று இலக்கண வகுப்பில் படிக்கிறாள். முதலில் எள்ளின் நெய்க்கே உரியதாய் இருந்த பெயர், பின்னர் எல்லா வித்தின் நெய்க்கும் பொதுவாயிற்று. எள்ளின் நெய்யோ 'நல்ல' என்னும் அடைபெற்றுத் தனித்து நின்றது. ஆகவே 'ஆர்கன் எண்ணெய்' என்று அவள் சொல்லும்போதும் அவள் நாவில் எள் மணக்கிறது. கரும்பலகையில் எழுதி அழித்துவிடும் புணர்ச்சி விதிக்குள் ஒரு குடியின் வாழ்க்கை கிடக்கிறது. அதனைச் சுட்டாமல் விதியை மட்டும் ஒப்புவிக்கச் செய்யும் ஆசிரியர், பருப்பை எறிந்துவிட்டு ஓட்டைக் கொடுப்பவர் ஆகார்?

தீபாவளிக்கு ஒருநாள் நல்லெண்ணெய் தேய்த்து முழுகினால் மரபு காக்கப்பட்டது என்று அமைதியுறுவது போதாது. ஆர்கன் வாங்க வசதியுள்ளவள் வாங்கட்டும். கலப்பற்றதைத் தேர்ந்து, ஈரக்கூந்தலின் நுனியில் ஓரிரு துளி தேய்த்துக்கொள்ளட்டும். அதனால் தொலைவிலுள்ள உழைப்பாளிப் பெண்ணொருத்திக்குக் கூலி சேருமானால் நன்றே. ஆனால் அதனை வாங்குவதற்கு முன் அவள் தன் வீட்டுப் போத்தலை அறிந்திருக்க வேண்டும். அறிந்து ஒதுக்குவது உரிமை. அறியாமல் நாணுவது அடிமைத்தனம்.

ஆசிரியர்க்கு உரிய பணி கடினமானதன்று. கட்டுரைத் தலைப்பாக 'எங்கள் வீட்டு எண்ணெய்' என்று ஒருமுறை எழுதிப் போடட்டும். மாணவர் வீட்டுக்குச் சென்று பாட்டியைக் கேட்டு, பொருள்களின் பெயரையும் அளவையும் முறையையும் எழுதி வரட்டும். அறிவியல் ஆசிரியர் அவற்றில் மெய் எது, மிகை எது என்று பிரித்துக் காட்டட்டும். கடைப் போத்தலின் உட்பொருள் வரிசையையும் அதே மேசையில் வைத்துப் படிக்கட்டும். எண்ணெய் வைத்து வரும் பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்குமானால், அச்சிரிப்பை அந்த நாளிலேயே நிறுத்தட்டும்.

கம்போங் ராஜாவின் பனி விலகி வெயில் ஏறும் வேளையில், உறைந்திருந்த எண்ணெய் தானே இளகும். அதற்கு வேண்டியது சிறிது வெதுவெதுப்பு மட்டுமே. பாட்டியின் நாவில் உறைந்துகிடக்கும் சொற்களும் அத்தகையவை. பேத்தி அருகில் அமர்ந்து கேட்டால் அவையும் இளகி வரும். அவளைக் கேட்கச் சொல்ல வேண்டியவர் தமிழாசிரியர். பாட்டி இருக்கும்போதே சொல்ல வேண்டும்.