சிவப்புச் சேற்றுக்கும் வேலை உண்டு

ஒரு டன் அலுமினா எடுத்தால் ஏறக்குறைய அதே எடைக்குச் சிவப்புச் சேறும் மிஞ்சுகிறது. 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்காவில் அதன் தேக்கக் கரை உடைந்து பத்துப் பேர் மாண்டார்கள். அந்தச் சேற்றுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடுதான், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அம்மோனியாவுடன் வினைபுரியவைத்து, வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாற்றவல்ல வினையூக்கி. சேற்றிலுள்ள சோடியம் அதை முடக்கிவிடும் என்பது நியாயமான ஆட்சேபம். அமிலத்தில் கழுவினால் சோடியம் பெருமளவு நீங்கும். கழுவிய நீரைச் சுத்திகரிக்கும் செலவை மட்டும் கணக்கில் மறைக்கக் கூடாது.

குவியலோடு ஒப்பிட்டால் வினையூக்கிக்குத் தேவைப்படுவது சொற்பமே என்பார்கள். உண்மை, சேற்றுக் குளங்களை இது காலிசெய்யாது. ஆனால், 2015இல் அனல்மின் நிலையங்களுக்கு விதித்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் பின்னர் தளர்த்திய இந்தியாவில், மலிவான வினையூக்கியைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பதற்கு என்ன சாக்கு?