டொனோரா: தன் புகையை மறைக்காத ஊர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்கா என்றால் நமக்கு நியூயார்க்கும் சிகாகோவும்தான் நினைவுக்கு வரும். அங்கே 'பரோ' எனப்படும் சிற்றூர்களும் உண்டு. நம் பேரூராட்சி போலத் தனக்கென்று ஒரு மன்றம் வைத்திருப்பவை. பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க்கிற்குத் தெற்கே, மொனொங்ககேலா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கும் டொனோரா அப்படி ஒரு ஊர்.

ஊர் 1901இல் உருவானது. பெயர் வந்த கதையே சுவையானது. எஃகு ஆலையை நிறுவிய டோனர் என்பவரின் பெயரையும், முதலீட்டாளர் ஆண்ட்ரூ மெலனின் மனைவி நோராவின் பெயரையும் சேர்த்தால் டொனோரா! ஆலைக்காகவே பிறந்த ஊர். போலந்து, ஸ்லோவாக்கியா, ஸ்பெயின் என்று பல நாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். 1915இல் துத்தநாக ஆலையும் வந்தது. பேஸ்பால் வீரர் ஸ்டான் மூசியல் பிறந்ததும் இங்கேதான். அவர் தந்தையும் ஆலைத் தொழிலாளி.

1948 அக்டோபர் கடைசி வாரம். சாதாரணமாகத் தரையோரக் காற்று சூடாகி மேலே எழும், புகையையும் கொண்டுபோகும். அந்த நாட்களில் கீழே குளிர்ந்த காற்று தங்கிவிட்டது. மேலே இருந்த வெப்பக்காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் அதை அமுக்கியது. இருபுறமும் குன்றுகள். ஆலைப் புகைக்கு வெளியேற வழியில்லை. பகலிலேயே எதிரில் வருபவர் முகம் தெரியவில்லை. தீயணைப்பு வீரர்கள் ஆக்சிஜன் உருளையைச் சுமந்து வீடு வீடாகப் போனார்கள். அப்போதும் சனிக்கிழமை பள்ளிக் கால்பந்துப் போட்டி நடந்தது! புகை அந்த ஊருக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. ஞாயிறன்று ஆலையை நிறுத்தினார்கள், மழையும் வந்தது. இந்தப் புகையால் 20 பேர் இறந்துவிட்டார்கள். சுமார் 14,000 பேர் வாழ்ந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள்.

நிறுவனம் வானிலைமேல் பழி போட்டது. வழக்குகள் பணம் கொடுத்து முடிக்கப்பட்டன. தவறு எங்களுடையது என்று அது ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஊர் மக்களிலும் பலர் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோறு போடும் ஆலையை எதிர்த்துப் பேசுவது எளிதா? ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். துத்தநாக ஆலை 1957இல் மூடப்பட்டது. காற்றைக் காக்கும் தேசியச் சட்டம் வந்ததோ 1963இல். ஆக, சட்டம் வந்து ஆலையை விரட்டியது என்று சொல்ல முடியாது. எஃகு ஆலையும் அறுபதுகளில் மூடப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 4,600க்கும் குறைவு. வேலை போய்விடும் என்று அஞ்சி மக்கள் மூச்சை விலையாகக் கொடுத்தார்கள். மூச்சும் போயிற்று, வேலையும் போயிற்று. 'வேலையா, காற்றா?' என்று யாராவது கேட்டால் கேள்வியே தவறு என்று சொல்லுங்கள்.

இந்த ஊரை நான் மதிக்கும் காரணம் வேறு. பல ஊர்கள் தங்கள் துயரத்தை மூடி மறைக்கும். டொனோராவோ 2008இல் அந்தப் புகைக்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. 'தூய காற்று இங்கிருந்துதான் தொடங்கியது' என்பதே அவர்கள் சொல்லும் வாசகம். அது வெறும் பெருமைப் பேச்சும் அல்ல. காற்று மாசு பற்றி அந்த நாட்டு அரசைச் சிந்திக்க வைத்த நிகழ்வுகளில் டொனோரா முதன்மையானது.

ஊர் வரலாறு என்றால் யார் நிறுவினார், எந்தப் புகழ்பெற்றவர் பிறந்தார் என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அது போதாது என்பது என் கருத்து. ஊர் எங்கே ஏமாந்தது, யார் மூச்சுத் திணறிச் செத்தார்கள், அப்போது யார் பேசாமல் இருந்தார்கள் என்பதும் பாடத்தில் வரவேண்டும். ஊர்ப் பெருமையைப் படித்த பிள்ளை கைதட்டும். ஊர்த் துயரத்தையும் படித்த பிள்ளை நாளைக்குக் கேள்வி கேட்கும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள், பேசுவோம்.