கை வைக்காத கம்பளிச் சட்டை

சென்ற மாதம் ஒரு மாலை, பாடவேளை முடிந்து நாம் புறப்பட ஆயத்தமானபொழுது, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறை வாசலில் வந்து தயங்கி நின்றாள். அவள் கையிற் புத்தகம் இல்லை. துணிப்பை ஒன்று இருந்தது. அதனுள்ளிருந்து இரண்டு பின்னல் ஊசிகளையும், அவற்றிலே தொங்கிய நீலநிறக் கம்பளித் துண்டொன்றையும் அவள் எடுத்து மேசைமீது வைத்தாள். முதுகுப் பக்கம் எட்டு அங்குலம் வளர்ந்திருந்தது. நடுவே சடைபோல முறுக்கிச் செல்லும் வேலைப்பாடு. பிறந்தது முதல் அவள் பின்னும் முதற் சட்டை அது. கொழுந்தெடுக்கும் தன் தாய்க்காக.

“டீச்சர், பரீட்சை முடியிற வரைக்கும் இதைக் கட்டி வச்சிருன்னு எல்லாரும் சொல்றாங்க. வச்சிரவா?” என்று கேட்டாள்.

ஆசிரியராகிய நாம் உடனே “ஆம்” என்றிருக்க வேண்டும். அவ்வாறு கூற நமக்கு நா எழவில்லை. காரணம், நம் வீட்டுப் பெட்டியிலே கிடக்கும் மற்றொரு சட்டை.

பொகவந்தலாவையின் குளிரை அறியாதாருக்கு அதனைச் சிறிது கூறவேண்டும். கடல் மட்டத்திற்கு நாலாயிரம் அடிக்கு மேலே, நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு இது. வைகாசி, ஆனி தொடங்கித் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும். தை மாசியில் மழை ஓய்ந்து, விடியற்காலத்துப் பனி புல்லின்மேல் வெண்மையாய்க் கிடக்கும். லயத்துக் காம்பராவில் அடுப்பு ஒன்றே சூடு. அந்த அடுப்பையும் விட்டு எழுந்து, இடுப்பிலே படங்கைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் மலைக்கு ஏறுவர். நனைந்த செடியின் ஈரம் முழங்கை வரை ஊறும். இங்கே கம்பளிச் சட்டை அலங்காரமன்று; அன்றாடத் தேவை.

இருபது ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு சட்டை பின்னத் தொடங்கினோம். பகலில் ஆசிரியத் தொழில்; இரவில் வெளிவாரிப் பட்டப் படிப்பு. தோட்டத்திலே கவ்வாத்து வெட்டும் நம் தந்தையாருக்கு நம் கையாலேயே ஒரு கம்பளிச் சட்டை கொடுக்கவேண்டும் என்பது ஆசை. ஆசை இருந்தது, அளவு இல்லை. அங்குலத்திற்கு ஐந்து கண்ணி வரும் என்று நாமாகவே எண்ணிக்கொண்டு தொடங்கினோம்.

அவ்வெண்ணத்தின் விலை என்னவென்பதை வாசக நேயர் கணக்கிட்டுப் பார்க்கலாம். மார்பளவு 36 அங்குலம். உள்ளே ஒரு சட்டை அணியவும் கையை வீசவும் தளர்வாக 4 அங்குலம் சேர்த்தால் 40. அங்குலத்திற்கு 5 கண்ணி வீதம், முன்னும் பின்னும் சேர்ந்து 200 கண்ணி. ஆனால் நம் கை இறுக்கமான கை. உண்மையில் அங்குலத்திற்கு 5½ கண்ணி விழுந்தது. 200ஐ ஐந்தரையால் வகுத்தால் 36 அங்குலத்திற்குச் சிறிதே மேல். அரைக் கண்ணிப் பிழை, ஏறத்தாழ நான்கு அங்குலத்தை விழுங்கிவிட்டது. சட்டை உடம்பிலே தோல்போல ஒட்டும். முதுகு முழுவதையும் அவிழ்த்தோம்.

முதலில் நான்கைந்து அங்குலச் சதுரத் துண்டொன்றைப் பின்னி, அலசி உலர்த்தி, அளவுகோல் வைத்து எண்ணியிருந்தால் ஒரு மாலையோடு முடிந்திருக்கும். சடை வேலைப்பாடு உண்டெனின் மாதிரித் துண்டிலும் அச்சடை இருத்தல் வேண்டும். ஆறு கண்ணிகளில் முதல் மூன்றைத் தனி ஊசியில் ஏற்றி முன்னே நிறுத்தி, பின் மூன்றைப் பின்னி, அதன்பின் நிறுத்திய மூன்றைப் பின்னுவதே சடை; எட்டு வரிசைக்கு ஒருமுறை இவ்வாறு தாண்டிச் செல்லும். தாண்டும் இடமெல்லாம் துணி உள்நோக்கிச் சுருங்குமாதலின், வெறும் பின்னலில் எடுத்த அளவு அதற்குப் பொருந்தாது.

மீண்டும் தொடங்கினோம். பரீட்சை நெருங்க நெருங்கப் புத்தகத்தைக் கண்டால் அச்சம்; ஊசியைக் கண்டால் ஆறுதல். அரை மணி நேரம் என்று எடுத்தது நள்ளிரவு வரை போயிற்று. பின்னர் ஒரு நாள் மனச்சாட்சி உறுத்த, முன்னும் பின்னும் தோளும் முடிந்த நிலையில், “பரீட்சை முடியட்டும், கை இரண்டையும் பிறகு பின்னலாம்” என்று அனைத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். பரீட்சை முடிந்தது. அடுத்த பகுதிப் பரீட்சை வந்தது. பட்டம் வந்தது, குடும்பம் வந்தது. கை வரவில்லை.

ஒரு மார்கழியில் நம் தந்தையார் தாமே அதனைப் பெட்டியிலிருந்து எடுத்து அணிந்துகொண்டார். நாம் நாணி நின்றோம். அவரோ, “கை இல்லாட்டி என்ன பாப்பா, கவ்வாத்து வெட்ட இதுதான் லேசு” என்றார். ஒன்பது ஆண்டுகள் அதை அணிந்தார். அவர் மறைந்தபின் அச்சட்டை நம் பெட்டிக்கே திரும்பி வந்தது.

இவ்வளவும் மனத்தில் ஓட, அம்மாணவியை அமரச் செய்து, வேலை எவ்வளவு மீதி என்று இருவருமாகக் கணக்கிட்டோம். முதுகு 100 கண்ணி அகலம், அங்குலத்திற்கு 7 வரிசை வீதம் 24 அங்குல நீளத்திற்கு 168 வரிசை. ஆக 16,800 கண்ணி. முன்புறமும் அவ்வாறே. கை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8,000. அக்குளிலும் கழுத்திலும் குறைவதைக் கழித்தால், முழுச் சட்டைக்கும் 45,000 கண்ணி அளவில் வரும். புதிதாய்ப் பின்னுபவர் நிமிடத்திற்கு 20 கண்ணி போடுவாரெனக் கொண்டால் முப்பத்தேழரை மணி நேரம். நாள்தோறும் அரை மணி நேரமெனில் 75 நாள். பரீட்சைக்கு அப்பொழுது நான்கு மாதத்திற்குச் சற்றுக் குறைவு. இக்கணக்கைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. அதுவரை அவளை அச்சுறுத்தியது வேலையன்று. அதன் அளவு தெரியாமையே.

பின்னலைப் பொழுதுபோக்கென்று இகழ்வாருக்கு ஒரு செய்தி. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்னும் குளிர்த் தீவுகள் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் அங்குள்ள பெண்கள், அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளைக் கூடையில் இட்டு முதுகிலே சுமந்து நடந்துகொண்டே, இரு கைகளாலும் கம்பளி பின்னிச் சென்றனர். அந்த நிழற்படங்களைக் காணும் நம் மலைநாட்டார் தம் தாயரை நினையாதிருத்தல் அரிது. அப்பெண்கள் பின்னிய சால்வைகளுக்கு வணிகர் பெரும்பாலும் காசு கொடுத்தாரில்லை. கடைப் பொருளே கொடுத்தனர். இம்முறையை விசாரித்த பிரித்தானிய ஆணைக்குழு 1872இல் அறிக்கை அளித்தது. அவ்வாறு கொடுக்கப்பட்ட பொருள்களுள் தேயிலையும் ஒன்று! ஆயினும் அது நம் மலைத் தேயிலையன்று. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலைத் தோட்டம் தொடங்கி, 1873இல்தான் இலங்கையின் தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்குப் போயிற்று.

நம் மூதாதையர் நிலைமையும் அதற்கு மிகத் தொலைவிலில்லை. தோட்டத்துக்கு வந்தவருக்கு அரிசி கொடுத்தனர். குளிருக்குக் கம்பளியும் கொடுத்தனர். இரண்டையும் கணக்கிலே பற்று எழுதிக் கூலியிற் கழித்தனர். கடன்பட்ட தொழிலாளரைக் கடனோடு தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பற்றுக் கணக்கிலே வந்த கம்பளியைப் போர்த்தியவர்களின் பேத்தி, எவர் கணக்கிலும் எழுதப்படாத கம்பளியைத் தன் தாய்க்குத் தானே பின்னுகிறாள். அதனைக் கட்டி வை என்று சொல்லுமுன் சிறிது யோசித்தல் வேண்டாவா?

அவ்வாறெனினும் பரீட்சையும் விளையாட்டன்று. லயத்துப் பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை எத்தகைய வாயில் என்பதை நாம் அறிவோம். ஆகவே அவளுக்கு நாம் கூறியவை இவை.

முதலாவது, படிப்பு முடிந்த பின்னரே பின்னல். படிப்பிற்கு முன்னர் ஒருபோதுமில்லை. அரை மணி நேரம் ஆனதும், கையிலுள்ள வரிசையை முடித்து நிறுத்துக. வரிசையின் நடுவே நிறுத்தினாற் கண்ணி நழுவும்.

இரண்டாவது, களைத்த இரவுகளிற் சடை வரிசையைத் தொடாதே. அதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பகல் உண்டு. இரவில் வெறும் வரிசைகளே போதும். முடிந்த வரிசைக்கு ஒரு கோடு கொப்பியில் இடுக.

மூன்றாவது, இருபது வரிசைக்கு ஒருமுறை, வேற்று நிற மெல்லிய நூலொன்றைத் தையலூசியிற் கோத்து, ஊசியிலுள்ள கண்ணிகள் அனைத்தினூடாகவும் செலுத்தி விடுக. மேலே பிழை நேர்ந்து அவிழ்க்க நேர்ந்தால் அவிழ்தல் அந்நூலோடு நின்றுவிடும், அடிவரை போகாது. ஒற்றைக் கண்ணி மட்டும் நழுவினால் அவிழ்க்கவே வேண்டா. கொக்கி ஊசியால் ஏணிப்படிபோல ஒவ்வொன்றாய் மேலே ஏற்றலாம்.

நான்காவது, பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமையும் பரீட்சை முடியும் வரையும் கட்டி வைக்கத்தான் வேண்டும். ஆனால் நாம் பூட்டியதுபோலப் பூட்டாதே. காவல் நூலைக் கோத்து, எந்த வரிசையில் நிற்கிறாய், அடுத்தது என்ன என்று சீட்டெழுதி, மீண்டும் எடுக்கும் தேதியையும் குறித்து உள்ளே வை. சீட்டில்லாமல் வைத்த வேலையைக் கை மறந்துவிடும்.

ஐந்தாவதாக ஒன்று கூறினோம். அது நம் பெட்டியிலுள்ள சட்டை நமக்குக் கற்பித்தது. “முதுகை அப்படியே நூலிற் கோத்து வைத்துவிட்டு, முதலிற் கை இரண்டையும் பின்னு” என்றோம். கை சிறியது, மாதிரித் துண்டின் பயனையும் அதுவே தரும். மணிக்கட்டில் 48 கண்ணியில் தொடங்கி, ஆறு வரிசைக்கு ஒருமுறை இரு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டினால், பதினாறு முறையில், அதாவது 96 வரிசையில், 80 கண்ணி ஆகும்; மீதி 24 வரிசை நேரே போனால் 17 அங்குல நீளம் நிறையும். பிழைத்தாலும் இழப்புச் சிறிது. உடம்பு முடிந்தவுடன் சட்டை முடிந்துவிட்டது என்று மனம் ஏமாறுவதற்கும் இடமில்லை.

நூலைப் பற்றியும் கேட்டாள். இருந்த நூல் பாதிச் சட்டைக்கே காணும். நுவரெலியாவிற் குளிராடை விற்கும் கடைகளிற் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கி அவிழ்க்கலாம் என்றோம். வாங்குமுன் உட்புறத் தையலைப் பார்க்கவேண்டும். துணியை வெட்டி ஓரம் அடித்த சட்டையெனில் வரிசைதோறும் நூல் அறுந்து வரும். பின்னியெடுத்த ஓரமெனில் ஒரே நூலாக அவிழும். அவிழ்த்ததைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, அடியிற் சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு நீங்கும். உண்மைக் கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் நனைந்ததாய்த் தோன்றாது. செயற்கை நூலுக்கு அக்குணம் இல்லை. மலைக்குப் போகிறவருக்கு அந்த வேற்றுமை பெரிது.

இக்கிழமை அவள் மீண்டும் வந்தாள். ஒரு கை முடிந்துவிட்டது. தாயின் கையில் அளந்து பார்த்தபோது ஓர் அங்குலம் நீளமாம். அவிழ்க்கவா என்று இவள் கேட்க, தாயார் அவிழ்க்க விடவில்லையாம்.

“கொழுந்து எடுக்கிறப்ப எப்படியும் மேல ஏத்தி விட்டுக்குவேன், நீ அடுத்த கையைப் பாரு”ன்னு சொல்லிட்டாங்க டீச்சர், என்றாள்.