பதினெட்டு வயதோடு முடிந்துபோகும் பாதுகாப்பு

புதுதில்லி: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மூன்று மாதங்கள் கழித்து, 2017 மார்ச்சில், மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மக்களவையின் ஒப்புதலைப் பெற்றது. முன்னது சமூக நீதி அமைச்சகத்தின் பொறுப்பு; பின்னது சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. பிறவியிலேயே உடல் குறைபாட்டுடன் வளர்ந்து, நாற்பது வயதை எட்டிய ஒருவரின் மனச்சோர்வு யாருடைய பொறுப்பு என்பதற்கு மட்டும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

உடல் குறைபாடே மனச்சோர்வைத் தந்துவிடும் என்று கருதுவது தவறு. தனிமை, வருமானமின்மை, பெற்றோருக்குப் பிறகு என்ன ஆவோம் என்ற அச்சம் ஆகியவையே மனத்தை அரிக்கின்றன. இவற்றுள் கடைசி அச்சத்துக்குச் சட்டமும் ஒரு காரணம் என்பதை, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்துவரும் இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டங்கள் காட்டுகின்றன.

மூணாறை அடுத்த பள்ளிவாசல், 1940-ல் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் அறியப்பட்ட ஊர். அதைச் சூழ்ந்த மலைச்சரிவுத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். மருத்துவ வசதியும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியதே.

'குடும்பம்' என்பது யார்? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பதினெட்டு வயது நிறைவடையாத பிள்ளைகளையே அதில் சேர்த்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே வயது வரம்பு நீடிக்கிறது. நடக்க இயலாத மகன் பதினெட்டு வயதைக் கடந்ததும் சட்டத்தின் பார்வையில் குடும்பத்துக்கு வெளியே போய்விடுகிறான். தாய் ஓய்வு பெறும் நாளில் வீடும் போகிறது. அந்த நாளை எண்ணியபடியே வாழும் மனத்துக்கு மருந்து மட்டும் போதாது.

மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் ஆறுதல் தருவதாக இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 80 சதவீத ஊனம் உடையவர்களுக்கு மாதம் 300 ரூபாய் என 2012-ல் நிர்ணயிக்கப்பட்ட தொகையை உயர்த்துமாறு நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை வலியுறுத்தியும் பலன் இல்லை. மாநில அரசின் ஓய்வூதியமே பெரும் துணை.

வழி இல்லாமல் இல்லை. 2008-ல் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கையை வகுத்த கேரளத்தில், உள்ளாட்சிகளின் செவிலியர்கள் படுக்கையில் இருப்போரை வீடு தேடிச் சென்று கவனிக்கிறார்கள். உடல் குறைபாட்டுடன் வீட்டுக்குள் முடங்கியவர்களையும் அந்தச் செவிலியர்கள் சந்தித்து, மனநிலையையும் கேட்டறிந்தால், புதிய கட்டடமோ புதிய துறையோ தேவைப்படாது. 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி ஆலோசனையை (எண் 14416) வீட்டிலிருந்தபடியே தமிழிலும் பெறலாம் என்பதையும் அவர்களே எடுத்துச் சொல்லலாம்.

ஆனால், குடும்பம் என்ற சொல்லுக்கான விளக்கத்தைச் செவிலியரால் திருத்த முடியாது. சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு கிடையாது என்ற ஒரு வரித் திருத்தம் போதும். அதைச் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. மலையகத் தமிழர்களின் வாக்கைக் கேட்டுச் செல்வோர் இந்தத் திருத்தத்தையும் அவையில் கேட்பார்களா?