விலக்கப்பட்ட காதலும் வேதம் சொன்ன கதையும்



குமர்ப்பிள்ளையின் தலையணைக்கடியில் காதல் நாவலைக் கண்டதும் கிழித்தெறியும் உம்மாமார் உண்டு. ஆனால், விலக்கப்பட்ட ஆசையை அல்லாஹ் தன் வேதத்தில் மறைக்கவில்லை. 12ஆவது அத்தியாயமான சூரா யூஸுஃப், 111 வசனங்களில் யூஸுஃப் (அலை) அவர்களின் சரித்திரத்தைச் சொல்கிறது. அஜீஸின் மனைவி கதவுகளைத் தாழிடுகிறாள், அவர் ஓடுகிறார், சட்டை பின்புறம் கிழிகிறது. பாவத்தைவிடச் சிறையே மேல் என்று இறைவனிடம் முறையிடுகிறார். பின்னர் அவளும் உண்மையை ஒப்புக்கொள்கிறாள்.

ஸுலைகா என்ற பெயரோ, இருவரின் திருமணமோ குர்ஆனில் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ஜாமியும், பிற்காலத்தில் தமிழில் சாரணபாஸ்கரனும் அக்கதையைக் காவியமாக்கினர். ஜாமியின் ஸுலைகா சிலையை உடைத்து இறைவனிடம் திரும்பிய பிறகே யூஸுஃபை அடைகிறாள்.

வட்டக்கச்சி வயலுக்கு வரும் இரணைமடு நீர், கட்டும் மதகும் இருப்பதால்தான் பயிரை வளர்க்கிறது. மனசும் அப்படித்தான். மகளின் புத்தகத்தைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து இந்தச் சூராவைப் பொருளோடு ஓதுங்கள். அவள் மனதில் இருப்பதைக் கேளுங்கள். உம்மாவிடம் பேச முடிகிற பிள்ளைக்கு ஒளித்துப் படிக்கத் தேவையில்லை.